சுபாஜினியின் ஆறாவது கந்தசட்டி

சுபாஜினியைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என் சோம்பலைப் பற்றித்தான் எழுத வேண்டும். நான் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொன்னால் அடுத்த மாதமே எங்காவது தொலைவுக்கு மாற்றிவிடுவார்கள். நாலு வருஷமாகப் போகிறது. ஓர் ஐப்பசி மாதக் காலையில் வாட்டிலிருந்து வந்த சிறுநீர்ப் போத்தில் ஒன்றை, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்ப்போம் என்று யன்னல் கட்டில் வைத்தேன். தேத்தண்ணியோடு கதை வந்தது, கதையோடு வேறு வேலை வந்தது, போத்திலை மறந்தே போனேன். பின்னேரம் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதுதான் பார்த்தேன். காலையில் வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது, வெயிலில் நின்று கருஞ்சிவப்பாகிக் கிடந்தது.

ஏச்சு விழப்போகிறது என்ற பயத்தில்தான் பெயரை வாசித்தேன். கோ. சுபாஜினி, வயது முப்பத்தைந்து, இணுவில். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கிலிருந்து படித்தவள். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிறவள். வயிற்றுவலியென்று அவளை வாட்டில் மறித்திருக்கிறார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது. நல்ல சிநேகிதி நான்.

போத்திலைக் கொண்டுபோய் டொக்டர் மயூரதனிடம் காட்டினேன். மனிசன் இளம் வயது, அதிகம் சிரிக்காத பிறவி. அன்றைக்கு அவர் கதிரையிலிருந்து எழும்பியே விட்டார். "தனுசியா, உதை எறிஞ்சுபோடாதைங்கோ. ஈயத்தாள் சுத்திக் குளிரிலை வையுங்கோ. உங்கடை மறதி ஒரு ஆளைக் காப்பாத்தியிருக்கு" என்றார். அது ஏச்சா புகழ்ச்சியா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வருத்தத்துக்குப் பெயர் போர்பிரியா. பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு வருகிறது, அதிலும் பலருக்குப் பிடிபடாமலே போய்விடுகிறது. இரத்தச் சிவப்புக்கு வேண்டிய ஒரு பொருளை ஈரலும் தயாரிக்கிறது, படிப்படியாக. அந்தப் படிகளில் ஒன்று சுபாஜினிக்குப் பிறப்பிலேயே அரைவாசி வேலைதான் செய்யும். கோயில் மடத்துக் குசினியை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி கழுவ ஒருவர், அவிக்க ஒருவர், வடிக்க ஒருவர். வடிக்கிறவர் நொண்டி. சாதாரண நாளில் ஒருமாதிரிச் சமாளிப்பார். ஆனால் "இன்னும் அரிசி போடு, இன்னும் போடு" என்று எழுதித் துண்டுக்கு மேல் துண்டு குசினிக்குள் வந்தால்? வடிக்காத பானைகள் குவிந்து, கஞ்சி பொங்கி, குசினி நாறிப்போகும். அவளுடைய ஈரலிலும் அப்படித்தான் தேங்குகிறது. தேங்கியது நஞ்சாகி நரம்பில் ஏறுகிறது. வயிறு சுருண்டு வலிக்கும், கைகால் சோரும், கடைசியில் மூச்சும் நிற்கலாம்.

அந்தத் துண்டுகளை எது எழுத வைக்கிறது தெரியுமா? பட்டினி. ஆள் சாப்பிடாமல் இருந்தால் ஈரல் பதகளித்து எழுதத் தொடங்கிவிடும்.

இதை டொக்டர் சொன்னபோது நான் கதவடியில் நின்றேன். கட்டிலில் கிடந்த சுபாஜினி என்னைத்தான் பார்த்தாள், டொக்டரை அல்ல.

அவளுடைய அம்மா பராசக்தி, எங்கள் பக்கத்தில் கந்தசட்டி பிடிப்பதற்கென்றே பெயரெடுத்த மனிசி. ஐப்பசியில் அமாவாசைக்கு அடுத்த நாள் கையில் காப்புக் கட்டினால் ஆறாம் நாள் சூரன்போர் முடிந்து, ஏழாம் நாள் விடியப் பாறணை செய்யும்வரைக்கும் சோற்றைத் தொடமாட்டார். மற்றப் பெண்கள் ஒருபொழுது, பால்பழம் என்று இருக்கும்போது, பராசக்தி அம்மா மிளகுதான். முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, இப்படி ஆறாம் நாள் ஆறு. மிச்சத்துக்குத் தண்ணீர். ஒவ்வொரு வருஷமும் நாலாம் ஐந்தாம் நாளில் வயிறு பிடித்துக்கொள்ளும். மடத்துத் தூணில் சாய்ந்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். "முருகன் சோதிக்கிறான்" என்று மற்றவர்கள் சுற்றியிருந்து தேவாரம் படிப்பார்கள். சோதனை வந்தவள் என்றால் அது ஒரு பெருமை. அடுத்த வருஷம் இன்னும் கடுமையாகப் பிடிக்க வேண்டும் என்பதும் எழுதாத சட்டம். சுபாஜினிக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, சூரன்போர் முடிந்த நாலாம் நாள் பராசக்தி அம்மாவுக்குக் கைகால் விழுந்தது, ஏழாம் நாள் மூச்சு நின்றது. விரதத்தோடு போன புண்ணியவதி என்று ஊர் சொல்லிற்று. நானும் அப்படித்தான் சொன்னேன்.

சுபாஜினி இருபத்தொன்பதில் கலியாணம் கட்டினாள். மாப்பிள்ளை கோபிசங்கர், தோட்டம் செய்கிறவர். பீற்றூட்டும் புகையிலையும் போடுவார். வாய் திறந்து பத்துச் சொல் கதைத்தால் அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவள் வீட்டு முன்னறையில் சட்டை தைப்பாள். அவள் வெட்டுகிற சேலைச் சட்டை மருதனார்மடம் வரைக்கும் பேர்போனது. எல்லாம் இருந்தது, பிள்ளை இல்லை. ஆறு கந்தசட்டி பிடிக்கிறேன் என்று நேர்த்தி வைத்தாள். முதல் வருஷமே மிளகுதான். வேறு என்ன, பராசக்தி அம்மாவின் மகள் பால்பழத்தில் இருப்பாளா? அம்மாவுக்கு வந்த சோதனை ஐந்தாம் நாளில் மகளுக்கும் வந்தது. அவளுக்குச் சந்தோஷம், மருந்து எடுக்கவே இல்லை. மூன்றாம் வருஷம் வலி தாங்காமல் இன்னோர் ஆஸ்பத்திரியில் குடல்வால் என்று வயிற்றை வெட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ஐந்தாம் வருஷம்தான் என் யன்னல் கட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

நான் வாழ்க்கையில் ஒரு நாளும் விரதம் இருந்தவள் அல்ல. வெள்ளிக்கிழமை மச்சம் தின்னாமல் இருப்பதே எனக்குப் பெரும்பாடு. எனக்கு இரண்டு பிள்ளைகள். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

டொக்டர் மயூரதன் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் எதையாவது சாப்பிடச் சொன்னார். பட்டினி என்ற சொல்லே இனி இருக்கக்கூடாது என்றார். கோபிசங்கர் போனில் ஐந்து அலாரம் வைத்தார். சேட்டுப் பொக்கற்றில் எப்போதும் ஒரு விசுக்கோத்துப் பெட்டி. தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றாலும் பத்து மணிக்குச் சைக்கிளில் வந்து, "சுபா, சாப்பிட்டனீரோ?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவருக்கு அதுதான் கதை. அவளும் சாப்பிட்டாள். கன்னம் வைத்தது. வலி குறைந்தது. ஆனால் அவளைப் போல ஏங்கிய ஆளை நான் கண்டதில்லை.

பிள்ளைக்காக ஏங்கினாள், அது எல்லோருக்கும் தெரியும். அதைவிட, பசிக்காக ஏங்கினாள். ஒருநாள் என் மகளுக்குச் சட்டை அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "தனு, வயிறு காஞ்சுபோய், காது அடைச்சு, கோயில் மணி கேக்கேக்கை ஒரு சுகம் வரும். அது உனக்குத் தெரியாது. அப்ப கேட்டால் அவன் தருவான் எண்டு ஒரு நம்பிக்கை வரும். இப்ப நான் விசுக்கோத்தைத் திண்டுபோட்டு என்னெண்டு போய்க் கேக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. "முருகன் என்ன, உன்ரை வயித்தைத் திறந்து பாத்துப்போட்டோ தாறவர்?" என்றேன். அவள் சிரித்தாள். ஊசியை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறவளைப் பார்த்தால் பயமாக இருக்கும்.

இரண்டு கந்தசட்டி அப்படியே போயிற்று. அந்த ஆறு நாளும் அவள் கோயில் பக்கம் போகவில்லை. ஒலிபெருக்கி எங்கள் ஒழுங்கைக்குள் தெளிவாகக் கேட்கும். தையல் மெசினை ஓட்டி அந்தச் சத்தத்தை அமத்தப் பார்ப்பாள். ஐந்து வருஷம் பிடித்த நேர்த்தி ஆறாவதுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

போன வருஷம் புரட்டாதியில்தான் அந்த ஊசியைப் பற்றிக் கதை வந்தது. வெளிநாடுகளில் கொஞ்சக் காலமாகப் பாவிக்கிறார்கள். அதற்குள் இருப்பது ஒரு மிகச் சின்ன ஆர்.என்.ஏ. துண்டு. அது ஈரலுக்குள் போய், நான் சொன்னேனே, "அரிசி போடு" என்ற அந்தக் கட்டளைத் துண்டு, அதைத் தேடிப் பிடித்து அறுத்துவிடும். வேறு எதையும் தொடாது. துண்டை எழுதுகிற ஜீன் அதன் பாட்டில் எழுதிக்கொண்டே இருக்கும், எழுதியது குசினிக்குப் போய்ச் சேராது. ஜீனின் வாயை அடைக்கிற ஊசி என்று டொக்டர் சொன்னார். நிரந்தரமாக அல்ல. மாதத்துக்கு ஒன்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

விலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், சொல்லவும் வேண்டாம். எங்களைப் போன்ற நாடுகளில் ஒருசிலருக்கு இலவசமாகக் கொடுக்கிற திட்டம் ஒன்று வெளிநாட்டில் இருந்தது. டொக்டர் மயூரதன் எழுதிக் கேட்டு விண்ணப்பத்தை வரவழைத்துவிட்டார். அவருடைய அறை பிறின்ரர் பழுது. அதனால் ஆய்வுகூடத்து மெசினில் அச்செடுத்தார். முதலாம் பக்கம் வெளியே வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

வாசிக்கலாமா? கூடாது. வாசித்தேன். ஆறு மாதத்துக்குள் ஆஸ்பத்திரியில் பதிவான இரண்டு நோய்த்தாக்கமாவது இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. சந்தோஷத்தில் மிச்சப் பக்கங்கள் வரும்வரை நிற்கவில்லை. வெளியே ஓடிப்போய்ச் சுபாஜினிக்குப் போன் எடுத்தேன்.

"எனக்கு ஆனியிலை காய்ச்சலோடை ஒண்டு வந்ததெல்லே?" என்று கேட்டாள்.

"ஓம். அது பதிவிலை இருக்கு."

"அப்ப இன்னும் ஒண்டு வேணும்."

"வராமல் இருக்கிறதுதானேயடி நல்லது" என்றேன். ஐப்பசி வர எத்தனை நாள் இருக்கிறது என்று அந்த நேரம் அவள் மனதுக்குள் எண்ணியிருக்கிறாள். ஒரே பட்டினியில் நேர்த்தியும் முடியும், தாக்கமும் வரும், ஊசியும் கிடைக்கும். ஒரு சாண் துணியும் வீணாகாமல் சட்டை வெட்டுகிறவளின் கணக்கு அது. எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியிருந்தால் வீட்டுக்குள் போட்டுப் பூட்டியிருப்பேன்.

கந்தசட்டி ஐந்தாம் நாள் மத்தியானம் கோபிசங்கர் ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பையில் பீற்றூட். "நீங்கள் டொக்டரிட்டைக் கேட்டுச் சொன்னது பெரிய உதவி" என்றார்.

"என்னத்தை?"

"பால்பழத்தோடை இந்தமுறை பிடிக்கலாம் எண்டு. சுபா சொன்னவ. மடத்திலைதான் நிக்கிறா. மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பால் குடிக்கிறாவாம்."

பையை மேசையில் போட்டுவிட்டு அவரையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தேன். வழியில் உண்மையைச் சொன்னேன். சேட்டுப் பொக்கற்றில் விசுக்கோத்து நொருங்குகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

மடத்துச் சுவரோடு சாய்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. சேலைத் தலைப்பை உருட்டி வயிற்றுக்குள் அமத்திப் பிடித்திருந்தாள். முகத்தில் மட்டும், எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கனகாலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஆளின் முகம். சுற்றியிருந்த பெண்களுக்குக் கேட்காமல் கிட்டப் போய் இருந்தேன்.

"எழும்பு. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"நாளைக்குப் பின்னேரம் வாறன்."

"அம்மா எப்பிடிச் செத்தவ எண்டு உனக்கு இப்பத் தெரியும்தானே? தெரிஞ்சுகொண்டு இருக்கிறியே, உனக்கு மண்டைக்குள்ளை என்ன?"

"தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாளையோடை முடியுது தனு."

கோபிசங்கர் முன்னால் குந்தினார். அவ்வளவு பெண்களுக்கு நடுவில் அவர் அப்படி இருந்து நான் கண்டதில்லை. "சுபா, எனக்குப் பிள்ளை வேண்டாம். நீர் சாப்பிடும்" என்றார்.

"உங்களுக்கு வேண்டாம். எனக்கு வேணும்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எந்த மேலதிகாரியும் வாசிக்காமல் இருக்கட்டும். ஆனியில் எடுத்த அவளுடைய சிறுநீரில் மிச்சம், ஈயத்தாள் சுற்றி, எங்கள் குளிரூட்டியின் அடித்தட்டில் கிடந்தது. அதை எடுத்து இன்றைய திகதியைப் போட்டால் யார் கண்டார்? "இரண்டாவது வந்திட்டுது எண்டு நான் எழுதிறன். டொக்டரை நான் பாக்கிறன். ஊசி கிடைக்கும். நீ இந்த விசுக்கோத்தைத் தின்" என்றேன்.

அவள் அந்த வலியிலும் சிரித்தாள். "உனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு. வேலை வேணும். ஊசிக்கு மட்டும் எண்டால் நீ சொல்லுறதும் ஒரு வழிதான். முருகனுக்கு எந்தப் போத்திலைக் காட்டப் போறாய்?"

அவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும், இரண்டு பேர் இருந்தோம். கோபிசங்கர் அவளைத் தொடப் பயந்தார். காப்புக் கட்டிய கை அது. நான் கடவுளுக்குப் பயந்தவள் அல்ல, அவளுக்குப் பயந்தேன்.

ஆறாம் நாள் விடிய டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் போனை எடுத்து அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டில் ஒதுக்கி வைக்கச் சொன்னார். அவ்வளவுதான். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

பின்னேரம் சூரன்போர். கோயில் வீதியில் சனம் தள்ளுமுள்ளுப்பட்டது. நானும் கோபிசங்கரும் ஓட்டோ ஒன்றைப் பிடித்து மூலையில் நிறுத்திவிட்டு, அவளுக்கு இருபுறமும் நின்றோம். சூரன் யானைத்தலையோடு வந்தான், சிங்கத்தலையோடு வந்தான், விழுந்தான், சேவலும் மயிலும் ஆனான். வீதி முழுக்க "அரோகரா" என்று கை தூக்கியது. சுபாஜினி தூக்கவில்லை. என்ன இது என்று திரும்பிப் பார்த்தேன். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தனு, கும்பிடக் கை எழும்புதில்லை" என்றாள், மெல்லிய குரலில். கோபிசங்கர் இரண்டு கையையும் பிடித்துச் சேர்த்து அவள் தலைக்கு மேல் தூக்கினார். அப்படியே அவள் கும்பிட்டாள். பிறகு கால் மடிந்தது.

அன்றிரவு ஆஸ்பத்திரியில் எடுத்த அவளுடைய சிறுநீரை நான்தான் பரிசோதித்தேன். சோதனை மருந்து விட்டவுடன் செர்ரிச் சிவப்பு. இந்தமுறை யன்னல் கட்டுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது தாக்கம் என்று என் கையால், உண்மையாக, எழுதினேன்.

ஒன்பது நாள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு. அதில் நாலு நாள் மூச்சுக்கு மெசின். கோபிசங்கர் வெளியே வாங்கில் இருந்தார், ஒருதரும் அவரைச் சாப்பிடப் பண்ண முடியவில்லை. மெசினைக் கழற்றிக் குரல் வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? பாறணைக்கு முதல் குளுக்கோஸ் ஏற்றியதால் விரதம் முறிந்துவிட்டதா என்பது. எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. கோபிசங்கர் அதற்கும் கோயிலுக்குப் போய் ஐயரைக் கேட்டுக்கொண்டு வந்தார். வாயால் போகவில்லைத்தானே, குறையொன்றும் இல்லை என்று ஐயர் சொன்னாராம். நல்ல மனிசன். அவள் அன்றைக்குத்தான் நித்திரை கொண்டாள்.

வலக்கை மணிக்கட்டு தொங்கிப் போயிருந்தது. கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. தை மாதம் திட்டத்திலிருந்து சம்மதம் வந்தது. மாசியில் குளிர்ப்பெட்டியில் ஊசி வந்தது.

கையெழுத்து வைக்கிற நாள் நானும் அறைக்குள் இருந்தேன். டொக்டர் மயூரதன் அன்றைக்கு அச்செடுத்த தாள்களைப் பக்கம் பக்கமாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். நாலாம் பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த ஊசி போடுற காலத்திலை பிள்ளை தங்கக் கூடாது எண்டு ஒப்புக்கொள்ள வேணும். வயித்திலை இருக்கிற பிள்ளைக்கு என்ன செய்யும் எண்டு இன்னும் போதிய அளவுக்குத் தெரியாது. அதாலைதான்."

சுபாஜினி என் பக்கம் திரும்பினாள்.

"இதை நீ ஏன் சொல்லேல்லை?"

"நான் முதலாம் பக்கந்தான் வாசிச்சனான்" என்றேன். அதைவிடக் கேவலமான ஒரு வசனத்தை நான் என் வாயால் சொன்னதில்லை.

"எத்தினை நாளைக்கு டொக்டர்?"

"ஊசி நடக்கும்வரைக்கும். உங்களுக்கு அது கனகாலம் தேவைப்படலாம்."

"ஊசி வேண்டாம் எண்டால்?"

"இன்னொரு தாக்கம் இப்பிடி வந்தால் நான் உங்களைத் திருப்பிக் கொண்டுவருவன் எண்டு சொல்லேலாது. பிள்ளை தங்கினாலே தாக்கம் வரலாம். நரம்பு இந்த நிலையிலை இருக்கேக்கை, ரெண்டு வருஷத்துக்காவது நான் சம்மதிக்கமாட்டன்."

"ரெண்டு வருஷத்தாலை எனக்கு நாப்பது தாண்டிப் போம்" என்றாள்.

கோபிசங்கர் பேனையை எடுத்து நீட்டினார். அவர் கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை. "எனக்கு நீர் வேணும் சுபா" என்றார். அவள் பேனையை இடக்கையால் வாங்கினாள். முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்ததும் பேனையை மூடிக் கொடுத்தாள், தாளைத் திரும்பப் பார்க்கவில்லை.

ஊசி வேலை செய்தது. இதை நான் மறைக்கமாட்டேன், கண்ணால் கண்டது. இரண்டாம் ஊசிக்குப் பிறகு எங்கள் ஆய்வுகூடத்தில் அவளுடைய போத்தில் தெளிவாகவே நின்றது. வேண்டுமென்றே யன்னல் கட்டில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன், நிறம் மாறவில்லை. ஒரு மனிசியின் உடம்புக்குள் போய், இத்தனை ஆயிரம் கட்டளைகளுக்குள் இந்த ஒன்றை மட்டும் பிடித்து நிறுத்துகிற சாமானை எங்கேயோ இருந்து யாரோ செய்து அனுப்பியிருக்கிறார்கள். நான் அந்த யன்னலடியில் நின்று அழுதேன். பராசக்தி அம்மாவுக்கு இதில் ஒன்று கிடைத்திருந்தால் என்றும் அழுதேன், நாலாம் பக்கத்துக்காகவும் அழுதேன்.

மூன்றாம் ஊசியோடு மணிக்கட்டு நிமிர்ந்தது. கன்னம் பூரித்தது. மாதம் தவறாமல் ஒரு வியாழக்கிழமை, நல்ல சேலை உடுத்து, கோபிசங்கரின் மோட்டார்சைக்கிளில் ஒருபக்கமாக இருந்து கிளினிக்குக்குப் போவாள். அவர் குழிக்குக் குழி நிறுத்தி நிறுத்தி ஓட்டுவார், அவளுடைய நரம்புக்கு ஆட்டம் கூடாதென்று. ஊருக்கு ஊசியும் தெரியாது, ஜீனும் தெரியாது. ஊர் கண்டது இதைத்தான்: ஆறாவது கந்தசட்டி முடித்தவள், உயிர் தப்பி வந்தவள், மாதாமாதம் கிளினிக், முகத்தில் களை, பக்குவமாகக் கொண்டுபோகிற புருஷன். ஊர் தன்பாட்டில் கூட்டிப் பார்த்தது.

போன வெள்ளிக்கிழமை அவளோடு கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து வெளிவீதியில் வரும்போது இரத்தினம்மா ஆச்சி மறித்தார். மடத்தில் ஐந்து வருஷமும் அவளுக்குப் பக்கத்தில் இருந்து தேவாரம் படித்தவர் இவர்தான். சுபாஜினியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"எடி பிள்ளை, என்னட்டை ஒளிக்காதை. விசேஷம்தானே?"

இப்படிக் கேட்கிறவர்களுக்கு அவள் வழக்கமாக, "அப்பிடி ஒண்டும் இல்லை ஆச்சி" என்று சிரித்துவிட்டுப் போவாள். எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று நான் நடக்கத் தொடங்கிவிட்டேன்.

"ஓம் ஆச்சி" என்றாள்.

ஆச்சி "முருகா!" என்று கத்தியது வீதி முழுக்கக் கேட்டது. அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அர்ச்சனைத் தட்டோடு யாரையோ கூப்பிட ஓடினார். நான் அவளைக் கையில் பிடித்து மதிலோடு இழுத்தேன்.

"உனக்கு விசரே? விடியிறதுக்குள்ளை இணுவில் முழுக்கத் தெரிஞ்சிடும். பிறகு என்னெண்டு சமாளிப்பாய்?"

"பிறகு அழிஞ்சு போச்சுதெண்டு சொல்லுவன்" என்றாள். நிதானமாகத்தான் சொன்னாள், முதலே யோசித்து வைத்திருந்தவள் போல. "எத்தினை பேருக்கு அழியுது. வந்து பக்கத்திலை இருப்பினம், அழுவினம், சமைச்சுக் கொண்டுவருவினம். பிள்ளை இல்லாதவளாய்க் கனகாலம் இருந்திட்டன் தனு. ஒரு பிள்ளையை இழந்தவளாயாவது இருந்திட்டுப் போறன்."

கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரத்தினம்மா ஆச்சி நாலைந்து பெண்களோடு திரும்பி வந்து, தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து அவள் கையில் வைத்து அமத்தினார்.

"இனி நீ ரெண்டு பேருக்குச் சாப்பிட வேணும்" என்றார்.

சுபாஜினி எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, அங்கேயே தோலை உரித்து, ஒரு கையை வயிற்றில் வைத்தபடி, அதை முழுவதும் சாப்பிட்டாள்.